இசிஜி தாளின் மேலே இருந்த அந்த ஒரு வரி

போன வருடம் ஒன்பது வாரங்கள் நான் இதய நோயாளியாக வாழ்ந்தேன். எனக்கு எப்போதோ மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, படிக்கட்டு ஏறப் பயந்து, இரவில் இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பயந்து, வீட்டில் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். அப்படி ஒரு மாரடைப்பு எனக்கு வரவே இல்லை. கம்ப்யூட்டர் அச்சடித்த ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது. அந்த ஒன்பது வாரத்தில் இரண்டரை மாதச் சம்பளம் போனது, 11 நாள் விடுப்பு போனது, தூக்கம் போனது. விஷயம் தெரிந்த ஒருவர் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் முக்கால்வாசி நடந்திருக்காது. அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவள், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவள்.

ஆரம்பம் அலுவலகத்தின் வருடாந்திர உடல் பரிசோதனை. எனக்கு அப்போது 43 வயது. சின்ன அறை, வெளியே நீண்ட வரிசை. இசிஜி எடுத்த பெண் அவசரத்திலும் அன்பாகத்தான் பேசினார். "அக்கா, சட்டையை முழுசா கழற்ற வேண்டாம், மேலே ரெண்டு பட்டன் திறந்தா போதும்" என்றார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. கை கால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் ஜெல் தடவி ஆறு ரப்பர் கப். முதல் இரண்டையும் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, திறந்திருந்த இடத்திலேயே வைத்தார். ஜெல்லின் சில்லிப்பு எங்கே பட்டது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் அந்த ஞாபகம்தான் எனக்குக் கை கொடுத்தது. பத்து நொடிப் பதிவு. ரோஜா நிறக் கட்டம் போட்ட தாள் சரசரவென்று வெளியே வந்தது. மேல் மூலையில் ஆங்கிலத்தில் மூன்று வரி: 'சைனஸ் ரிதம்.' 'செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிட்டர்மின்ட்.' 'அப்நார்மல் இசிஜி.' கீழே பொடி எழுத்தில் 'அன்கன்ஃபர்ம்ட்' என்று ஒரு சொல்.

சைனஸ் ரிதம் என்றால் இயல்பான துடிப்பு ஒழுங்கு. இன்ஃபார்க்ட் என்றால் ரத்தம் கிடைக்காமல் தசை செத்துப்போவது. செப்டல் என்றால் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவர். ஏஜ் அன்டிட்டர்மின்ட் என்றால் எப்போது நடந்தது என்று தெரியவில்லை. செல்போனில் தேடி இவ்வளவையும் வரிசையில் நின்றபடியே தெரிந்துகொண்டேன். கடைசியில் இருந்த 'அன்கன்ஃபர்ம்ட்' என்ற சொல்லை மட்டும் தேடவில்லை. இந்த வாசிப்பை எந்த மருத்துவரும் இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை என்று அந்த மெஷினே எனக்குச் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. அன்று பணியில் இருந்த மருத்துவர் தாளை அரை நிமிடம்கூடப் பார்க்காமல் 'இதய நிபுணரைப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலில் செய்திருக்க வேண்டியது அங்கேயே, அதே நாளில், கப்புகளைச் சரியான இடத்தில் வைத்து இன்னொரு முறை எடுக்கச் சொல்வது. ஐந்து நிமிட வேலை அது. உங்கள் தாளில் எதிர்பாராத எதுவும் அச்சாகி வந்தால், நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ எதுவும் இல்லாத நேரத்தில், அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அவர் பிழைக்கவில்லை. அதனால் அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வர வேண்டியது வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அம்மாவிடம் சொன்னால் தாங்க மாட்டார், கணவரிடம் சொன்னால் அம்மாவிடம் போய்ச் சேரும் என்று நானே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன். எல்லாவற்றிலும் பெரிய தவறு அதுதான். பயத்தைப் பகிர ஆள் இல்லாதபோது செல்போன்தான் துணையாகிறது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறை வெளிச்சத்தில் தாளைப் படம் எடுத்து, இசிஜி படிக்கும் ஆப் ஒன்றில் ஏற்றினேன். 'பழைய மாரடைப்பின் அறிகுறி' என்றது. மடிப்பை நீவிவிட்டு இன்னொரு படம் எடுத்து ஏற்றினேன். இப்போது 'பெரிய மாற்றம் ஏதுமில்லை' என்றது. ஒரே தாள், ஒரே இதயம், இரண்டு பதில். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பயந்த மனம் கெட்ட பதிலைத்தான் பிடித்துக்கொள்ளும். இசிஜி தாளில் ஒவ்வொரு சின்னக் கட்டமும் 0.04 நொடி, உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான அளவை, சாய்ந்த வெளிச்சத்தில் சுருங்கிய தாளைப் பிடித்த படத்திலிருந்து எடுக்கச் சொன்னால் அது எப்படிச் சரியாக வரும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்து ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். விரலை வைத்தால் 30 நொடியில் இசிஜி எடுக்கும் வகை. ஒரே இரவில் 14 முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் என்ன வருமோ என்ற பதற்றத்தில் துடிப்பு ஏறும், ஏறினால் 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வரும், அதைப் பார்த்து இன்னும் ஏறும். இந்தக் கடிகாரங்கள் உதவாதவை என்று சொல்லவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிப்பதில் அவை பலருக்கு உண்மையாகவே உதவியிருக்கின்றன. ஆனால் அது பார்ப்பது ஒரே ஒரு லீடு, அதாவது இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கும் ஒரே ஒரு கோணம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. மருத்துவமனை இசிஜி பார்ப்பது 12 லீடு. பழைய மாரடைப்பு இருக்கிறதா என்பது கடிகாரத்திடம் கேட்கும் கேள்வியே இல்லை. மாரடைப்பை இது கண்டறியாது என்று அந்தக் கடிகாரத்தின் திரையிலேயே எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பரிசோதனை மையத்தில் 'செயற்கை நுண்ணறிவு இதயப் பரிசோதனை' என்ற தொகுப்புக்குப் பணம் கட்டினேன். இசிஜி, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்), சிடி (இதய ரத்தக்குழாய்களின் எக்ஸ்ரே ஸ்கேன்) மூன்றும் சேர்ந்தது. அங்கே எடுத்த இசிஜியிலும் அதே வரி வந்தது. இரண்டு மெஷின் ஒரே மாதிரிச் சொல்கிறதே, இனி சந்தேகம் ஏது என்று மனம் உடைந்து போனது. ஆனால் அங்கேயும் நானேதான் மேல் பட்டன் போதுமா என்று கேட்டேன், அவர்களும் மேலேதான் வைத்தார்கள். தவறு ஒன்றாக இருந்தால் எத்தனை மெஷினில் போட்டாலும் ஒரே பதில்தான் வரும். அதை இரண்டு சாட்சி என்று எண்ணிவிட்டேன். கூடவே அந்த மென்பொருள் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. 'இதயம் பம்ப் செய்யும் திறன் குறைந்திருக்க வாய்ப்பு: அதிகம்' என்பது ஒன்று. 'க்யூடி இடைவெளி நீண்டிருக்கிறது, 465' என்பது இன்னொன்று.

க்யூடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலரைப் பயமுறுத்துகிறது. க்யூடி என்பது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்னேற்றம் பெற்றுத் திரும்ப அமைதியாக எடுத்துக்கொள்ளும் நேரம். துடிப்பு வேகமானால் அது குறையும். அதனால் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிடுவார்கள். பெரும்பாலான மெஷின்கள் 1920இல் பாசெட் தந்த சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. துடிப்பு வேகமாக இருக்கும்போது அது கூட்டிக் காட்டும். அன்று பயத்தில் என் துடிப்பு 102. அளந்த க்யூடி 357 மில்லிநொடிதான். அதே 1920இல் வந்த ஃப்ரிடெரிசியா சூத்திரத்தில் போட்டால் 426, எந்தக் கவலையும் வேண்டாத எண். க்யூடி நீளம் என்று ரிப்போர்ட் வந்தால் அப்போது துடிப்பு எவ்வளவு இருந்தது, எந்தச் சூத்திரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எக்கோவில் என் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், அதாவது இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, 62 என்று வந்தது. பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏஐ 'அதிக வாய்ப்பு' என்றதே, அப்படியானால் எக்கோதான் தவறோ என்று பத்து நாள் கழித்து வேறு இடத்தில் இன்னொரு எக்கோ எடுத்தேன். 57 வந்தது. பத்து நாளில் ஐந்து குறைந்துவிட்டது, இப்படியே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு அழுதேன். உண்மையில் அந்த ஐந்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. எக்கோவில் அறையின் உள்விளிம்பை மனிதர் வரைந்தாலும் மென்பொருள் வரைந்தாலும், எந்தத் துடிப்பை எடுத்தார்கள், எந்தக் கோணத்தில் கருவியைப் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஐந்து பத்து புள்ளி மாறுவது சாதாரணம். இதயம் மாறியதா, அளவு மாறியதா என்று தெரிய வேண்டுமானால் ஒரே இடத்தில், ஒரே வகைக் கருவியில், முந்தைய படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இடத்து எண்களைத் தாளில் எழுதிக் கழித்துப் பார்ப்பது வீண். நான் அதைத்தான் செய்தேன்.

சிடி நாள்தான் மிகக் கடினம். கையில் ஊசி குத்தி, துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள். இந்தப் பரிசோதனைக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ ஒட்டி இருந்தால்தான் படம் தெளிவாக வரும், ஏனென்றால் ஓயாமல் அசையும் ஒன்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரம் கழித்தும் 80க்குக் கீழே இறங்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். சரி, எடுத்துவிடலாம் என்றார்கள். நாக்குக்குக் கீழே ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் வைத்தார்கள், தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் திகுதிகுவென்று சூடு. முதல் கட்டமாகச் சாயம் இல்லாமல் எடுத்ததில் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். அகட்ஸ்டன் என்ற மருத்துவர் பெயரால் 1990 முதல் புழங்கும் கணக்கு அது. இதய ரத்தக்குழாய்களில், படத்தில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சிடி படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் வெளிச்சமாகத் தெரியும் சுண்ணாம்புத் திட்டுகளின் பரப்பையும் அடர்த்தியையும் பெருக்கிக் கூட்டுவார்கள். 400ஐத் தாண்டினால் கவலை அதிகம். பூஜ்யம் என்பது நல்ல செய்தி, சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்புத் திட்டு அதில் தெரியாது என்ற ஒரு குறையோடு. ஆனால் அடுத்த பக்கத்தில் மென்பொருள் எழுதியிருந்தது: வலது ரத்தக்குழாயின் நடுப்பகுதியில் 50 சதவீத அடைப்பு இருக்கலாம். வண்ணப் படத்தில் அந்த இடம் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. படத்திலிருந்தே ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் இன்னொரு பரிசோதனையும் செய்துகொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கையில் பணம் தீர்ந்திருந்தது. அதனால்தான் நின்றேன், புத்தியால் அல்ல.

அன்று இரவுதான் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இவ்வளவு நாள் தனியாவா இதைச் சுமந்தே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவர் விசாரித்து, வயதான ஒரு இதய நிபுணரிடம் அழைத்துப் போனார். நான் கொண்டுபோன கோப்பு இரண்டு விரல் தடிமன். அவர் அதைத் திறக்கவே இல்லை. முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார், எத்தனை மாடி ஏறுவேன், ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டார், கையைப் பிடித்து நாடி பார்த்தார். அப்புறம்தான் முதல் இசிஜியைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதை எடுக்கும்போது முதல் ரெண்டு கப்பை எங்கேம்மா வெச்சாங்க?" என்றார். எனக்கு அந்த ஜெல்லின் சில்லிப்பு ஞாபகம் வந்தது. காறை எலும்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டுப் பேனா முனையால் தாளில் ஓர் இடத்தைத் தொட்டார். "வி2ல, அதாவது ரெண்டாவது கப்போட பதிவுல, இந்தச் சின்ன முதல் மேடு கவுந்து கிடக்குது பாருங்க. சரியான இடத்துல இருந்தா இது நிமிர்ந்து நிக்கும்."

அவரே எழுந்து வந்து இசிஜி எடுத்தார். உதவிக்கு இருந்த நர்ஸ் துணியால் மூடிவிட்டு, நெஞ்செலும்பின் மேல்பகுதியில் விரலை வைத்து வழுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் எலும்பு குறுக்காக மேடு தட்டும். அங்கே இணைவது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள இடுக்கு இரண்டாவது, அப்படியே மூன்று, நான்கு என்று விரலால் எண்ணி, நான்காவது இடுக்கில் நெஞ்செலும்பின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. முன்பு வைத்த இடத்திலிருந்து இரண்டு இடுக்கு கீழே. பத்து நொடியில் தாள் வந்தது. அந்த வரி இல்லை. ஒன்பது வாரமாக என் தலைமேல் நின்ற வரி, இரண்டு கப்பை நான்கு விரல் கீழே இறக்கியதும் போய்விட்டது. நான் அந்தப் படுக்கையிலேயே விம்மி விம்மி அழுதேன். நர்ஸ் ஜெல்லைத் துடைத்துவிட்டு என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மருத்துவர் விளக்கியது இதுதான். மெஷினில் பொய் இல்லை. வி1, வி2 என்ற இரண்டு லீடில் மேல்நோக்கிப் போகும் ஆர் அலை மிகச் சிறிதாக இருந்தால், அந்தச் சுவர்த் தசை சேதமாகியிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த விதி. கப்பை மேலே வைத்தால் இதயத்தை அது மேலிருந்து பார்க்கிறது, நல்ல இதயத்திலும் ஆர் அலை சிறுத்துத்தான் தெரியும். கப் எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. பெண்களுக்கு இந்தத் தவறு நேர, இரண்டு பக்கத்துக் கூச்சமும் ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பெண்களே, தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். முன்பக்கம் திறக்கும் உடை போட்டுப் போங்கள், மூடிக்கொள்ளத் துணி கேளுங்கள், பெண் டெக்னீஷியன் வேண்டுமென்றால் கேளுங்கள். ஆனால் கப் சரியான இடத்தில் இருக்கட்டும். கை கிளிப் இரண்டும் இடம் மாறினாலும், குளிரில் நடுங்கினாலும்கூட இல்லாத நோய் தாளில் தெரியும்.

பிறகு அந்த 'அதிக வாய்ப்பு' பற்றிக் கேட்டேன். தூக்கம் வராத இரவுகளில் நான் இதைப் பற்றிப் படித்திருந்தேன். வெறும் இசிஜியிலிருந்தே பம்பிங் பலவீனத்தைக் கணிக்க முடியும் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. 44,959 பேரின் இசிஜியையும் எக்கோவையும் வைத்துப் பயிற்சி கொடுத்து, வேறு 52,870 பேரிடம் சோதித்தார்கள். பலவீனம் உள்ளவர்களில் 86.3 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 85.7 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. 86 சதவீதம் சரி என்றால் எனக்கு இருக்க 86 சதவீத வாய்ப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். உங்களைப்போல அறிகுறி எதுவும் இல்லாத 1,000 பேரில் 20 பேருக்கு உண்மையில் பலவீனம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். அந்த 20 பேரில் 17 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேர் இதயம் நன்றாக இருப்பவர்கள், அவர்களில் 14 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகப்படும், அது சுமார் 140 பேர். ஆக 157 பேருக்கு மணி அடிக்கும், உண்மையில் இருப்பது 17 பேருக்கு. ஒன்பது பேரில் எட்டுப் பேர் வீணாகப் பயப்படுவார்கள். மணி அடித்தால் எக்கோ எடுக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கருவியே. உங்களுக்கு எக்கோ எடுத்தாயிற்று, 62, அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. இதை யாராவது அந்த மையத்தில் சொல்லியிருந்தால் இரண்டாவது எக்கோவே எனக்குத் தேவைப்பட்டிருக்காது. அந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

சிடிக்கு அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, படங்களைக் கேட்டார். என்னிடம் அச்சிட்ட வண்ணத் தாள்தான் இருந்தது. மையத்துக்கு மூன்று முறை அலைந்து டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கோப்பு வடிவம்) படங்கள் உள்ள டிஸ்க்கை வாங்கினேன். ஸ்கேனர் எடுக்கும் மூலத் தரவைப் பல இடங்களில் சில நாளில் அழித்துவிடுகிறார்களாம். என் நல்ல நேரம், துடிப்பின் வேறு வேறு கட்டங்களில் உருவாக்கிய படங்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு கதிரியக்க நிபுணர் அவற்றைப் பார்த்தார். மென்பொருள் எடுத்துக்கொண்ட கட்டத்தில் அந்தக் குழாய் இரட்டையாக மங்கித் தெரிந்தது, இதயம் சுருங்கி முடிக்கும் கட்டத்துப் படத்தில் அதே இடம் வழவழவென்று திறந்திருந்தது. துடிப்பு வேகமாக இருந்தால் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டுமாம், வலது குழாய்தான் எல்லாவற்றிலும் அதிகம் அசைவது. அடைப்பு இல்லை, அசைவு. ரத்த ஓட்டக் கணக்கைப் பற்றியும் கேட்டேன். அது நல்ல முறைதான், 2014இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது, ஆனால் மங்கிய படத்தைக் கொடுத்தால் மங்கிய கணக்குத்தான் வரும் என்றார். ஆகவே சிடி எடுக்கப் போனால் துடிப்பு இறங்கவில்லை என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். கதிர்வீச்சும் சாயமும் உடம்பில் ஏறப்போகிறது, படமாவது உருப்படியாக இருக்க வேண்டாமா? எடுத்த அன்றே டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துப் போட்ட கதிரியக்க மருத்துவர் யார் என்றும் பாருங்கள். என் ரிப்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே என்னிடம் உண்மையிலேயே இருந்த ஒன்றை யாரும் பார்க்கவில்லை. அந்த முதிய மருத்துவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். 148க்கு 94. பயத்தினால் இருக்கலாம் என்று, வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வரச் சொன்னார். அங்கேயும் அதே அளவுதான். கெட்ட கொழுப்பு 162. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்னால் வந்ததால் எனக்கு ஆபத்து சாதாரணமானவர்களைவிட அதிகம், இதை இப்போதே கவனித்தால் போதும் என்றார். கையில் சுற்றும் ஒரு பட்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் சொன்ன செய்தி இது. இரண்டரை மாதச் சம்பளத்துக்கு வாங்கிய வண்ணப் படங்களில் இது எங்கேயும் இல்லை. உங்கள் இதயத்தைப் பற்றிக் கவலை என்றால் முதலில் இந்த இரண்டையும் ஒழுங்காகப் பாருங்கள் என்பதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பது வாரத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது முதல் இசிஜி ரிப்போர்ட் அவர்களிடம் போயிருந்தது. 'முந்தைய மாரடைப்பு' என்று குறித்து விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். புது இசிஜி, எக்கோ, மருத்துவரின் கடிதம் எல்லாம் அனுப்பி அதைச் சரி செய்ய நான்கு மாதம் ஆனது. தவறான வாசிப்பு என்று தெரிந்ததும் அதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, முதலில் எடுத்த இடத்துக்கே ஒரு பிரதி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். வாய் வார்த்தையாக 'ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டு வந்தால் கோப்பில் அந்த வரி அப்படியே கிடக்கும்.

இதைப் படித்துவிட்டு மெஷின் சொல்வதை எல்லாம் தள்ளிவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மருத்துவரே சொன்னார், நடுராத்திரி அசதியில் தான் தவறவிட்டிருக்கக்கூடிய ஒன்றிரண்டை அந்த அச்சு வரி சுட்டிக்காட்டியிருக்கிறது என்று. ஆம்புலன்ஸில் எடுக்கும் இசிஜியைக் கம்ப்யூட்டர் படித்து முன்கூட்டியே எச்சரித்ததால் பிழைத்தவர்கள் உண்டு. நெஞ்சில் அழுத்தும் வலி, கை தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் கடிகாரத்தையும் பார்க்க வேண்டாம், ஆப்பையும் திறக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். தாளில் 'நார்மல் இசிஜி' என்று வந்தாலும் வலி இருந்தால் திரும்பி வராதீர்கள். மாரடைப்பின் ஆரம்பத்தில் இசிஜி இயல்பாக இருப்பது உண்டு. சிறிது நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோப்போனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள்.

இந்த வருடப் பரிசோதனைக்குக் கணவரும் கூட வந்தார். முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டுப் போனேன். டெக்னீஷியன் புதியவர், சின்னப் பையன், தயங்கினார். "நாலாவது விலா இடுக்குல வெச்சுடுங்க தம்பி, முன்னாடி ஒரு தடவை மேலே வெச்சதுல தப்பா வந்துடுச்சு" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு நர்ஸை அழைத்து வந்தார். நர்ஸின் விரல் அந்த மேட்டில் நின்று, பிறகு ஒன்று ஒன்றாக இறங்கியது. தாளில் 'நார்மல் சைனஸ் ரிதம்' என்று வந்தது, கீழே அதே பொடி எழுத்தில் 'அன்கன்ஃபர்ம்ட்'. மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாள் சூட்டில் அச்சாவதால் வெளுத்துப்போகும் என்பதால் நிழலில்லாமல் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பழைய தாளும் இதுவும் ஒரே உறையில் இருக்கின்றன. உறையின் மேல் ஒவ்வொன்றுக்கும் தேதியும், அப்போதைய ரத்த அழுத்தமும், முதல் இரண்டு கப் எந்த இடுக்கில் இருந்தன என்பதும் எழுதியிருக்கிறேன். தங்கைக்கும் ஓர் உறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு அடுத்த மாதம் 40 ஆகிறது.